இன்று வகுப்பு இல்லை

“இன்று வகுப்பு இல்லை” என்று முகமே காட்டாத ஆன்லைன் மேடத்தின் செய்தி வந்ததும் கலைவாணனுக்குத் தலைகால் புரியவில்லை. பெண் பார்க்கப் போகிற நாளில் சி.எஃப்.ஏ. தொல்லை இல்லை!

முதல் பார்வை காமாட்சியம்மன் கோவில் குளக்கரையில். பிடிக்காவிட்டால் சாமி கும்பிட வந்ததாகச் சொல்லி இரு தரப்பும் கலைந்துவிடலாம்.

பெண் அபிநயா வணக்கத்துக்கும் தலையைத்தான் ஆட்டினாள். பேசியதெல்லாம் அவள் அப்பா வரதராஜன்.

“இன்னா படிக்கிறீங்க தம்பி?”

“சி.எஃப்.ஏ. சார். எந்தக் கம்பெனியில பணம் போடலாம்னு அலசுற படிப்பு. மூணு லெவல்ல ரெண்டு பாஸ் பண்ணிட்டேன்.”

“கிளாஸுக்குப் போறீங்களா?”

“எனக்கெதுக்கு சார் கிளாஸு? நானே படிச்சிக்கினேன்.”

அபிநயா அவனையே உற்றுப் பார்த்தாள். மயங்கிவிட்டாள் என்று கலைவாணன் மீசையைத் தடவிக்கொண்டான்.

“உனக்குப் பையனைப் புடிச்சிருக்குதாமா?” என்று வரதராஜன் மகளைக் கேட்டார்.

அபிநயா வாயைத் திறந்தாள். ஆறு மாதமாக ஞாயிறுதோறும் ஹெட்போனில் அவனை நடுங்க வைத்த அதே குரல்.

“இவரைப் பாக்கவாபா கிளாஸுக்கு லீவு உட்டேன்? போன வாரம் லெவல் டூ டெஸ்ட்ல நூத்துக்குப் பதினொண்ணு எடுத்தவரு. மொதல்ல பாஸ் பண்ணட்டும், அப்புறம் தட்டு மாத்திக்கலாம்.”