ஒரே கமிட்டா அனுப்புங்க

"இந்த அநியாயத்தைப் பார்த்தீங்களா? நாப்பது கமிட்டையும் ஒண்ணாக்கி அனுப்பணுமாம்!"

கிளினிக்கில் கம்ப்யூட்டர் பார்க்கிறவள் போட்ட சத்தத்தில், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"யாரு, அந்தக் கத்தரிக்கோலா?"

"வேற யாரு!"

கிளினிக்குகளுக்கான டோக்கன் மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் மேம்படுத்தி அனுப்பலாம். பேச்சுவார்த்தையெல்லாம் பொதுப் பக்கத்தில், உலகமே பார்க்க நடக்கும். வருவதைச் சரிபார்த்துச் சேர்த்துக்கொள்பவர் படு கறார். அதனால்தான் கத்தரிக்கோல் என்ற பட்டப்பெயர்.

டாக்டர் வரத் தாமதமானால் காத்திருப்பவர்களுக்குத் தானாகவே தகவல் போகிற வசதியை இவள் செய்திருந்தாள். அது சேர்ந்துவிட்டால் வேலையை நிரந்தரமாக்குகிறேன் என்று டாக்டரம்மா வாக்குக் கொடுத்திருந்தார். இன்றுதான் கடைசி நாள். இப்போது போய் இப்படி ஒரு முட்டுக்கட்டை!

"முதல்ல கமிட்டுன்னா என்னன்னு சொல்லு."

"ஒவ்வொரு தடவையும் என்ன மாத்தினோம்னு பதிவு பண்றதுங்க. போட்டது, அழிச்சது, முட்டி மோதினது எல்லாம் அதுல இருக்கும். ஒண்ணாக்கிட்டா, ஏதோ ஒரே நாள்ல ஊதித் தள்ளின மாதிரி ஆயிடும். என் பாடு யாருக்குத் தெரியும்?"

"மத்தவங்களுக்கும் இதே சட்டம்தானா?"

அதானே! தேடிப் பார்த்தாள். போன வாரம்தான் யாரோ ஒருத்தருடைய பதினைந்து கமிட்டுகளை அப்படியே வாங்கிப் போட்டிருந்தார் அந்த மனுஷன்.

போதாதா? பொதுப் பக்கத்தில் பொரிந்து தள்ளினாள்.

"அவருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

பதில் உடனே வந்தது. "தயவுசெய்து ஒண்ணாக்குங்க மேடம். சந்தேகம்னா இந்த நம்பருக்கு ஒரு போன் பண்ணுங்க."

"போன்ல என்ன ரகசியம்? எதுவா இருந்தாலும் இங்கேயே, எல்லார் முன்னாடியும் சொல்லுங்க!"

அவ்வளவுதான், வேடிக்கை பார்த்தவர்களுக்குக் கொண்டாட்டம். "சபாஷ்!", "நறுக்குன்னு கேட்டீங்க!", "கத்தரிக்கோலுக்கு எப்பவுமே தலைக்கனம்!" என்று ஆளாளுக்கு எழுதினார்கள்.

"எனக்கு ஒழுங்கு முக்கியம். அதனாலதான்" என்று மட்டும் எழுதிவிட்டு அவர் வாயை மூடிக்கொண்டார்.

"வேலை வேணுமா, வீம்பு வேணுமா?" என்றார் வீட்டுக்காரர்.

பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒன்றாக்கி அனுப்பினாள். அடுத்த நிமிஷமே சேர்த்துக்கொண்டுவிட்டார்!

சந்தோஷம்தான். ஆனாலும் ஆத்திரம் அடங்க வேண்டாமா? அவர் கொடுத்த நம்பரை அழுத்தி, வீட்டுக்காரரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"இப்ப திருப்தியா சார்? ஒருத்தியை அலைக்கழிக்கிறதுல உங்களுக்கு அப்படி என்ன..."

"மேடம், முதல்ல உங்க கிளினிக் பாஸ்வேர்டை மாத்துங்க. அப்புறம் ஆற அமரத் திட்டுங்க."

"என்னது?"

"ஒன்பதாவது கமிட்ல, சோதிச்சுப் பார்க்கிறதுக்காக அதை அப்படியே போட்டிருந்தீங்க."

"அடுத்த கமிட்லயே அழிச்சுட்டேனே!"

"அழிச்சதும் பதிவாகும், அதுக்கு முன்னாடி போட்டதும் பதிவாகித்தான் இருக்கும். பழசைத் திறந்தா யார் வேணும்னாலும் படிக்கலாம். உங்ககிட்ட வைத்தியத்துக்கு வர்றவங்க வியாதி, விலாசம் எல்லாம் வெளியில போயிடும்."

வீட்டுக்காரர் லேப்டாப்பை அவள் பக்கம் நகர்த்தினார். அவசர அவசரமாகப் பாஸ்வேர்டை மாற்றினாள்.

"மாத்திட்டேன் சார்..."

"நல்லது. உங்க பழைய கமிட்டையெல்லாம் அடியோட எடுக்கச் சொல்லி, அந்தப் பொதுப் பக்கத்தை நடத்துற தளத்துக்காரங்களுக்கும் எழுதிட்டேன். டாக்டர்கிட்ட மட்டும் மறைக்காம சொல்லிடுங்க."

"சொல்லிடறேன் சார். மன்னிச்சுக்குங்க. ஆனா, இதை அந்தப் பக்கத்துலயே ஒரு வார்த்தை போட்டிருக்கலாமே! இத்தனை பேர்கிட்ட நீங்க வாங்கிக் கட்டிக்கிட்டிருக்க வேண்டாமே!"

மறுமுனையில் அவர் சிரித்தார்.

"போட்டிருந்தா, என்னைத் திட்டிக்கிட்டிருந்த அத்தனை பேரும் அதை விட்டுட்டு உங்க ஒன்பதாவது கமிட்டைத் திறந்து பார்த்திருப்பாங்களே மேடம்!"