ஐம்பத்து மூன்றாவது வாரம்

"போன வாரமும் உன்கிட்டதானே இருந்தாரு..."

"நான் சொல்றதைக் கேளுடா, கணக்குப்படி..."

"என்ன பொல்லாத கணக்கு? தொடர்ந்து ரெண்டு வாரம் ஒரே வீட்டுலயா? இது எந்த ஊரு நியாயம்ணே?"

அண்ணன் வீட்டு வாசலில் நின்று அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அப்பாவின் பை.

ஒரு வாரம் மூத்தவன் வீடு, மறுவாரம் இளையவன் வீடு. திங்கட்கிழமை காலையில் அப்பா கைமாறுவார். அவரை வைத்துக்கொள்ள இருவருக்கும் போட்டி. அவர் இருக்கும் வாரத்தில் தம்பி பேக்கரியைச் சீக்கிரமே சாத்திவிடுவான். அண்ணன் ஆபீஸ் வேலைக்கு நடுவிலேயே அவரோடு சீட்டாடுவான்.

அண்ணன் புரோகிராம் எழுதுகிறவன். திரும்பத் திரும்ப வரும் நாட்களைக் கணக்கிடும் லைப்ரரி ஒன்று, அதாவது யார் வேண்டுமானாலும் தங்கள் புரோகிராமில் சேர்த்துக்கொள்ளும் துண்டு, அவன் பொறுப்பில் இருக்கிறது. ஊர்ப்பட்ட கம்பெனிகள் அதை எடுத்துப் பயன்படுத்துகின்றன. அதை வைத்தே வீட்டுக்கும் ஒரு சின்ன ஆப் செய்து இருவர் போனிலும் போட்டிருந்தான். வருஷத்தின் வாரங்களை ஒன்று, இரண்டு என்று எண்ணி, ஒற்றைப்படை வாரம் அண்ணனுக்கு, இரட்டைப்படை தம்பிக்கு.

"வழக்கமா வருஷம் அம்பத்திரண்டு வாரத்தோட முடிஞ்சிடும். இந்தத் தடவை அம்பத்துமூணு. அது ஒத்தைப்படை. இன்னிக்கு ஒண்ணாவது வாரம், அதுவும் ஒத்தைப்படை. நான் என்னடா பண்ண? மெஷின் சொல்லுது."

அண்ணன் போனை நீட்டினான். 'அண்ணன் வீடு' என்று பச்சையாகக் காட்டியது.

உள்ளேயிருந்து அப்பா குரல் கொடுத்தார். "ஒரு முடிவுக்கு வாங்கடா. ஷூவை மாட்டவா, கழட்டவா?"

குரலில் ஒரே குஷி. எழுபத்தெட்டு வயதில் தனக்காக இரண்டு பேர் அடித்துக்கொள்வது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

"ஒரு நிமிஷம்ப்பா!" என்றார்கள் இருவரும்.

தம்பி தன் போனை எடுத்து, மாவு ஒட்டிய விரலால் தேய்த்தான்.

"எனக்குத் 'தம்பி வீடு'ன்னுல்ல காட்டுது?"

"உன்னுது பழசா இருக்கும்."

"போன மாசமே தானா அப்டேட் ஆச்சே. ஏதோ எழுதியிருக்கு, இரு."

எழுத்துக் கூட்டுகிறவன் போல நிதானமாகப் படித்தான். "'ஐம்பத்து மூன்றாவது வாரத்தை அடுத்து ஒருவருக்கே இரண்டு முறை வரும் பிழை சரிசெய்யப்பட்டது.'"

அதன் கீழே, சரிசெய்தவர் என்று அண்ணனின் பெயர்.

அண்ணன் குனிந்து, ஏற்கெனவே மூடியிருந்த பையின் ஜிப்பை இன்னொரு தடவை இழுத்து மூடினான்.

"உலகத்துக்கெல்லாம் சரிபண்ணி அனுப்பிட்டே. உன் போன்ல மட்டும் ஏண்ணே பழசையே வெச்சிருக்கே?"