சங்கு சீக்கிரம் நின்ற மதியம்

கிண்ணத்தில் பட்டாணி சூப்பை ஊற்றிக்கொண்டிருந்தேன். தீயணைப்பு நிலையத்துச் சங்கு அலற ஆரம்பித்தது.

என் வீட்டுக்காரர் க்ளோவிஸ் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தார். அறுபத்தொன்பது வயது, நெஞ்சுக்குள் இரண்டு ஸ்டென்ட். சங்கு ஊதினால் மட்டும் பதினெட்டு வயதாகிவிடும்.

எங்கள் ஊரில் யாராவது நிலையத்துக்குப் போய்ப் பொத்தானை அழுத்தும்வரை சங்கு நிற்காது. சம்பளமில்லாமல் தீயணைக்க வரும் ஆம்பிளைகள் எல்லோரும் பகலில் முப்பது மைல் தள்ளி மர ஆலையில். அழுத்துகிற கை பெரும்பாலும் இவருடையதுதான்.

போன பிப்ரவரியில் மாட்டுப்பண்ணைக்காரர் தெரியோ வீட்டுத் தொழுவம் எரிந்தது. தன்னந்தனியாகக் குழாயைப் பிடித்த இவர், அமெரிக்காவின் வடகோடி மெய்ன் மாநிலக் குளிரில், பனியிலேயே சுருண்டு விழுந்தார். மாடுகளை வெளியே இழுத்த தெரியோ இவரையும் சேர்த்து இழுத்துப் போட்டார்.

இன்னொரு தடவை இப்படித் தனியாகப் போனால் திரும்பி வரமாட்டார் என்று டாக்டர் சொன்னார். அது என் காதில் மட்டும்தான் ஏறியது.

மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில், பகல் நேரத்துக்கு இரண்டு பேரைச் சம்பளத்துக்கு வைக்கலாமா என்று ரகசிய ஓட்டெடுப்பு. தீயை அணைக்கச் சம்பளமா என்று முதலில் கத்தியவர் இவர்தான். வீடு வீடாக எண்ணி வைத்திருந்தார். சரிபாதி வரும், சமமானால் தீர்மானம் தோற்கும்.

ஜெயித்துவிட்டது. அவர் கணக்கில் யாரோ ஒருவர் மாறிப் போட்டிருந்தார். அன்றிலிருந்து அந்தக் கருங்காலி யாரென்று ஊரெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தார். நான் வாயே திறக்கவில்லை.

இப்போது ஒரு காலில் பூட்ஸ் ஏறியிருந்தது. அதற்குள் சங்கு நின்றுவிட்டது.

அது இவ்வளவு சீக்கிரம் நின்று நாங்கள் கேட்டதே இல்லை.

"சங்கு மோட்டார் புகைஞ்சிருச்சு. நேத்தே எண்ணெய் விட்டிருக்கணும். சங்கும் இல்லாம இப்ப எவன் வருவான்?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இன்னும் வேகமாக ஓடுவாரே என்று அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது ஜன்னலுக்கு வெளியே சிவப்பு வண்டி பறந்தது. உள்ளே இரண்டு தலைகள். வேலைக்குச் சேர்ந்து நான்கு நாள்கூட ஆகாத எங்கள் சம்பளக்காரர்கள்.

க்ளோவிஸ் வாயைப் பிளந்து நின்றார். அந்த வண்டி தீக்குப் போவதை அவர் வெளியிலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"பாக்க நல்லாத்தான் இருக்கு," என்றார்.

கொஞ்ச நேரத்தில் அலமாரியிலிருந்த தீயணைப்பு ரேடியோ கரகரத்தது. பெல்டியே வீட்டுச் சமையலறைத் தீ அணைந்துவிட்டது, யாருக்கும் ஒன்றுமில்லை.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஜெயித்துவிட்டேன் என்று கூரை மேல் ஏறிக் கத்த வேண்டும்போல் இருந்தது. அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"நீங்க தேடுற கருங்காலி நான்தான்."

அவர் பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நீ எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாதாக்கும். ஆஸ்பத்திரியில உன் மூஞ்சியப் பாத்தப்பவே சம்பள ஆள் வேணுங்கறவங்க கணக்குல சேத்துட்டேன். உன்னையும் சேத்துத்தான் சரிபாதி."

"அப்ப மாறிப் போட்டது யாரு?"

"சூப்பு ஆறிருச்சு, ரீனெட். சுட வை."

கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு காதுகளும் சிவந்திருந்தன. நாற்பத்து நான்கு வருடக் குடித்தனத்தில் அவர் வாய் என்னிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறது. காதுகள் சொன்னதில்லை.