ஓட்டை வாய்

"லெஃப்ட்ல போடுறா பிரகாஷ், லெஃப்ட்ல!" என்று தொண்டை கிழியக் கத்தினார் கோச் ஓஸ்வால்ட். கேப்டன் பிரகாஷ் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பந்தை வலதுபக்கம் அடித்தான்.

ஆஸ்டின் டவுன் ஃபுட்பால் மைதானமே சிரித்தது. "இன்னா குரு, உன் பசங்களே உன்னை மதிக்க மாட்றாங்க!" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். ஓஸ்வால்ட் விடுவாரா? "நீ உள்ள வந்து ஆடேன், உன்னையும் சேத்துத் திட்டறேன்!" என்றார்.

பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கிளப் நிர்வாகி நிருபமாவுக்கு மானம் போயிற்று. இன்று தோற்றாலும் சரி, டிரா ஆனாலும் சரி, கிளப் கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிடும். இறங்கினால் பாதி ஆட்டக்காரர்களுக்கு அடுத்த வருடம் இடம் கிடையாது. கோச்சோ சத்தம் மட்டும்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

ஓஸ்வால்டைப் பற்றி ஊருக்கே தெரியும். மனதில் பட்டது மறுநொடி வாயில் வந்துவிடும். ஜெயித்த அன்றுகூட, "அந்தப் பெனால்ட்டி ரெஃப்ரி ஓசியில குடுத்தது" என்று டிவிக்காரர்களிடம் உளறுகிற மனிதர். போன வாரம், "எங்க போர்டுல பாதிப் பேருக்கு ஆஃப்சைடுன்னா என்னன்னே தெரியாது" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். போர்டு அவருக்கு வைத்திருக்கும் பெயர் ஓட்டை வாய்.

அவருக்குப் பதிலாக போர்டு கண் வைத்திருந்தது டிரேவர்மேல். இன்றைய எதிரணியின் கோச். பல வருடம் ஓஸ்வால்டிடமே உதவியாளராக இருந்த ஆள், அதிர்ந்து பேசமாட்டார். பக்கத்து பெஞ்சருகே நின்றபடி, ஓஸ்வால்ட் வாயைத் திறக்கும்போதெல்லாம் பணிவாகக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பழைய மரியாதை இன்னும் போகவில்லை என்று நிருபமா நினைத்துக்கொண்டார்.

இடைவேளை வரை கோல் விழவில்லை. நிருபமா ஓஸ்வால்டை ஓரமாக அழைத்துப் போனார்.

"சார், நீங்க மேல ஏறுங்கன்னா பசங்க கீழ வராங்க. கீழ வாங்கன்னா மேல ஓடறாங்க. ஊரே பாத்துச் சிரிக்குது. செகண்ட் ஹாஃப்ல தயவுசெஞ்சு பேசாம உக்காருங்க."

"முடியாது மேடம்."

"டீம் உங்க கைய விட்டுப் போயிடுச்சு சார். அது கூடவா தெரியல?"

நிருபமாவுக்கு இன்னொன்றும் உறுத்தியது. சொன்னபடி ஆடாதவனை அடுத்த நிமிடமே வெளியே இழுத்து உட்காரவைக்கிறவர் ஓஸ்வால்ட். இன்று ஒருவனைக்கூட மாற்றவில்லை. வேலை போய்விடும் என்று மனிதர் பயந்துவிட்டார் போலிருக்கிறது. பாவமாகக்கூட இருந்தது.

"மேடம், எங்கம்மா வாய மூடுடான்னாங்க, கேக்கல. சர்ச்சுல ஃபாதர் சொன்னார், அவர் பேச்சையும் கேக்கல. உங்க போர்டுக்கா மூடப்போறேன்? விசில் அடிக்கிற வரைக்கும் அந்தக் கோட்டு மேல நின்னு கத்துவேன். அப்புறம் வீட்டுக்கு அனுப்புங்க, சும்மா போறேன். அது வரைக்கும் என் வாய்ல கை வெக்காதீங்க."

"அப்ப இதுதான் உங்களுக்குக் கடைசி மேட்ச்."

"இருக்கட்டுமே! அதையும் வாய மூடிட்டுப் பாத்துட்டுப் போனா நான் ஓஸ்வால்டே இல்ல."

சொன்னபடியே செய்தார். இரண்டாவது பாதியில் முன்னைவிட அதிகமாகக் கத்தினார். பையன்களும் முன்னைவிட அதிகமாக அவர் பேச்சைத் தட்டினார்கள். நிருபமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் கோலுக்கு நேரெதிரே ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. எதிரணிக்காரர்கள் தோளோடு தோள் ஒட்டிச் சுவர் மாதிரி நின்றார்கள். கிளப்பின் தலையெழுத்தே அந்த ஒரு பந்தில்தான் இருந்தது.

"நேரா அடிக்காதடா பிரகாஷ்! சைடுல அசோகனுக்குக் குடு!" ஓஸ்வால்டின் குரல் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

டிரேவர் கை காட்ட, சுவரில் நின்ற இரண்டு பேர் விலகி அசோகனை மறிக்க ஓடினார்கள். பிரகாஷ் அசோகன் இருந்த பக்கமே திரும்பவில்லை. நேராக ஓடிவந்து, அவர்கள் விட்டுப்போன சந்து வழியாக ஓங்கி ஒரு உதை. பந்து வலையில் போய் விழுந்தது.

கடைசி விசில் ஊதியபோது மைதானம் கூத்தாடியது. கிளப் பிழைத்துவிட்டது. ஓஸ்வால்டோ சந்தோஷப்படக்கூட நேரமில்லாமல் ரெஃப்ரியிடம் ஓடினார். "ஜெயிச்சிட்டோம்னா விட்டுருவேன்னு பாத்தியா? அந்தக் கார்னர் எங்களுதுய்யா!"

இந்த மனிதர் திருந்தவே மாட்டார் என்று நிருபமா தலையில் அடித்துக்கொண்டார். நேராகப் பிரகாஷிடம் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ இல்லன்னா இன்னிக்கு கிளப்பே இல்ல பிரகாஷ். அவர் சொன்னதைக் கேட்டிருந்தா அந்த கோல் விழுந்திருக்குமா? தைரியமா உன் இஷ்டத்துக்கு ஆடுன. நாளைக்கே வேற கோச் போட்டுடறோம். உனக்கு யார் வேணும், சொல்லு."

பிரகாஷ் பக்கத்து பெஞ்சைப் பார்த்தான். டிரேவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"'டிரேவருக்குக் கேக்கட்டும்னு நான் கத்துவேன், நீங்க அப்படியே மாத்தி ஆடுங்கடா'ன்னு கோச் எங்களுக்கு நேத்தே சொல்லிட்டாரு மேடம்."