ஒழுகிய ஆயில் கூலர்

மெர்லிமாவில் கார் பட்டறை வைத்திருக்கும் வீரமுத்து, மூன்றாவது வாரமாக ஹரிதாஸின் கார் வந்து நிற்பதைப் பார்த்து முகம் சுளித்தார்.

ஹரிதாஸுக்கு மலாக்காவில் பூக்கடை. பூ வாங்க வாராவாரம் கேமரன்மலை ஏறுவதில் என்ஜின் கொதிக்கிறது என்று, போன மாதம் இந்தப் பட்டறையில்தான் ஆயில் கூலர் மாட்டிக்கொண்டு போனான்.

"மறுபடியும் ஆயில் ஒழுகுது அங்கிள்."

வீரமுத்து குனிந்து பார்த்தார். கூலருக்குப் போகும் ஹோஸின் நட்டு, கையால் தொட்டதுமே சுற்றியது.

"தம்பி, இது தானா லூஸானது இல்ல, யாரோ லூஸாக்குனது. மலாக்காவுல பட்டறையே இல்லையா? என் மகளப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வர்றீங்க?"

ஹரிதாஸின் முகம் சிவந்துவிட்டது.

"பார்க்க ஆசைதான் அங்கிள். ஆனா சத்தியமா நான் அதுல கை வைக்கல லா!"

"பின்ன யாரு, பேயா?"

பக்கத்துக் காருக்கு அடியிலிருந்து கிரீஸ் படிந்த கைகளோடு திலகவதி வெளியே வந்தாள்.

"அவரைத் திட்டாதீங்கப்பா. கூலர் மாட்டுனது நான்தானே? ஒவ்வொரு தடவையும் கடைசிச் சுத்தை முடுக்காம விட்டேன்."

"என்னம்மா இது? என்ஜின் போயிருந்தா?"

"சொட்டுச் சொட்டாத்தான்பா ஒழுகும். தினமும் ஆயில் பார்க்கச் சொல்லித்தான் அனுப்புனேன். நல்லா முடுக்கியிருந்தா இவர் திரும்பி வந்திருப்பாரா?"

ஹரிதாஸ் வாயைப் பிளந்தபடி நின்றான். வீரமுத்து சிரிப்பை அடக்கிக்கொண்டு, தாமே ஸ்பேனரை எடுத்து நட்டை இறுக முடுக்கினார்.

"இனிமே ஒழுகாது. ஞாயித்துக்கிழமை அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு நேரா வீட்டுக்கே வாங்க தம்பி."