முகம் பார்ப்பவள்

"தொடாதே! துணியை நான் விலக்குறேன். நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

லெம்பி போட்ட அதட்டலில் ஹெல்வி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

பின்லாந்தில் அந்தப் போர்க் குளிர்காலத்தில் சாம்பல் சீருடை போடாத இளம்பெண்ணைப் பார்ப்பதே அரிது. அந்தச் சீருடை போட்டுத் தொண்டர் படையில் சேர்ந்தவர்களில் சிலர் படைக்குச் சமைக்கப் போனார்கள், சிலர் காயத்துக்குக் கட்டுப்போடப் போனார்கள். இவர்கள் இருவருக்கும் வாய்த்ததோ யாருக்கும் வேண்டாத வேலை. போர்முனையிலிருந்து பனிச்சறுக்கு வண்டியில் வந்து இறங்கும் உடல்களைக் கழுவி, உடுத்தி, பெட்டியில் வைத்து அவரவர் ஊருக்கு அனுப்ப வேண்டும்.

லெம்பி துணியை விலக்கிக் குனிந்து பார்த்தாள். பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள்.

"உன் தௌனோ இல்ல. தாடிக்கார மனுஷன், பாவம். வா, வெந்நீரை எடு."

ஹெல்விக்கும் தௌனோவுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவன் ஏரிக்கரைப் போர்முனையில் இருந்தான். இன்று வந்த வண்டிகள் எல்லாமே அந்த ஏரிக்கரையிலிருந்துதான். அதனால்தான் லெம்பி காலையிலிருந்து ஒரு முகத்தைக்கூட ஹெல்வியை முதலில் பார்க்க விடவில்லை. சொந்தத் தங்கையாக இருந்தால்கூட இப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருப்பாளா என்பது சந்தேகம்தான்.

"ஏன்டி கை இப்படி நடுங்குது? காலையிலிருந்து வாயே திறக்கல நீ."

"குளிருதுக்கா."

"அடுப்பைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்குறே, குளிருதாம்! யார் காதுல பூ சுத்துற? பயப்படாதடி. நான் இருக்கிற வரைக்கும் அந்தப் பையன் முகத்தை நீ திடுதிப்புனு பார்க்கும்படி விடமாட்டேன்."

ஹெல்வி தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டாள். "உங்களுக்குப் பயமே இல்லையாக்கா?"

"எனக்கென்ன பயம்? அப்பா அம்மா போயாச்சு. இருக்கிறது தம்பி ஒருத்தன். அவன் சண்டை நடக்கிற இடத்துக்குப் பின்னால எங்கேயோ சமையல் வண்டியில பட்டாணி சூப்பு கிண்டிக்கிட்டு இருக்கான். அவன் வைக்கிற சூப்புக்கு அவனை நம்ம ஆளுங்கதான் சுடணும்."

எப்போதும் இந்தப் பேச்சுக்கு விழுந்து விழுந்து சிரிக்கிற ஹெல்வி இன்று சிரிக்கவில்லை. அவள் பயம் லெம்பிக்கும் தொற்றிக்கொண்டது. அடுத்த துணியை லெம்பி மெல்ல விலக்கினாள். அதுவும் தௌனோ இல்லை.

"சரி, நீ இவருக்குத் தலையைத் துடை. நான் பக்கத்துக் கொட்டகைக்குப் போய்ப் பெட்டிக்குள்ள காகிதம் விரிச்சிட்டு வந்துடுறேன்."

"வேண்டாம்!" ஹெல்வி ஏறக்குறைய கத்திவிட்டாள். "நான் போறேன்க்கா. நீங்க இங்கேயே இருங்க."

லெம்பி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு குரல் தணிந்தது. "தனியா நின்னு அழணும், அதானே? போ. கண்ணைத் துடைச்சிட்டு வா. இல்லேன்னா இமையிலேயே உறைஞ்சு போயிடும்."

ஹெல்வி போனதும் லெம்பி சன்னல் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிவிட்டு வெளியே பார்த்தாள். பாதிரியார் வந்துகொண்டிருந்தார்.

சாவுச் செய்தியை உறவுக்காரர்களிடம் பாதிரியார்தான் நேரில் சொல்ல வேண்டும். அவருக்கு முன்னால் வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. அங்கே அது கண்டிப்பான வழக்கம். அந்தக் கறுப்புக் கோட்டு தெருவில் தெரிந்தாலே, நம் வாசலைத் தாண்டிப் போய்விடட்டும் என்று பெண்கள் சன்னலோரம் நின்று வேண்டிக்கொள்வார்கள். ஜெபம் சொல்ல அவர் இங்கே வருவது மாலையில்தான். இந்த நேரத்தில் வருகிறார் என்றால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும்.

தௌனோவின் உடலை வேறு ஏதோ ஊரில் இறக்கியிருக்கிறார்கள். இங்கே ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் காவல் காத்ததெல்லாம் வீண். ஐயோ, அந்தக் குழந்தை இதை எப்படித் தாங்கும்?

லெம்பி ஓடிப்போய்ப் பாதிரியாரை வாசலிலேயே மறித்தாள்.

"ஐயா, ஒரு நிமிஷம். அவகிட்ட நேரா சொல்லிடாதீங்க. சின்னப் பொண்ணு, காலையிலிருந்தே அவ அவளாயில்ல. முதல்ல என்கிட்ட சொல்லுங்க. நான் பக்குவமா எடுத்துச் சொல்லிக்கிறேன்."

பாதிரியார் தொப்பியைக் கழற்றினார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் தயங்கி லெம்பிக்குப் பின்னால் பார்த்தார். அங்கே ஹெல்வி வந்து நின்றிருந்தாள்.

"நீ ஏன்டி வந்தே? உள்ளே போ!"

ஹெல்வி உள்ளே போகவில்லை. நேராக வந்து லெம்பியின் தோள்களை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"லெம்பி," என்றார் பாதிரியார், "நான் உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்மா."

லெம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஹெல்வியைத் திரும்பிப் பார்த்தாள்.

"காலையில நீங்க கிணத்துக்குத் தண்ணி எடுக்கப் போயிருந்தப்பவே முதல் வண்டி வந்துடுச்சுக்கா," ஹெல்வி உடைந்து அழுதாள். "ஐயாவுக்கு ஆள் அனுப்பினேன். அவர் வர்ற வரைக்கும் நான் சொல்லக் கூடாது. உங்க தம்பிக்கு முகம் கழுவி, தலை சீவி, பக்கத்துக் கொட்டகையில பெட்டிக்குள்ள வச்சது நான்தான்க்கா."