நடுவில் ஒரு கடல்

"அவ வூட்லயே கெடக்கட்டும் மச்சான். சொன்னா வுடமாட்டா. நானும் பசங்களும் அந்தமான் போய்ட்டு வந்துடறோம்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று போனில் பேசியவர், பேசி முடித்ததும் எங்கள் டிராவல்ஸுக்குள்தான் வந்தார். கூடவே பத்து வயதுப் பெண்ணும் ஆறு வயதுப் பையனும்.

இங்கே வருகிறவர்களிடம் பேசுவது ஜெசிந்தா அக்கா. கம்ப்யூட்டரில் தட்டுவது நான்.

"பேரு பூபாலன். ஊரு படாளம். கம்பெனி வேன் ஓட்டறேன். மூணு டிக்கெட் போடுங்க. நான், யாழினி, கவின்."

"வீட்ல மேடம் வரலியா சார்?"

"வரல."

பையன் சுவரில் ஒட்டியிருந்த தீவுப் படத்தைத் தொட்டுப் பார்த்தான். "அப்பா, தண்ணி இன்னா இவ்ளோ பச்சையா கீது?"

"அங்க அப்படித்தான். எறங்கிக் குளிக்கலாம்."

"அம்மா மாமல்லபுரத்துல காலக்கூட நனைக்க வுடாது!"

"அதான் அம்மா வரலியே."

மூன்று பேரும் சிரித்தார்கள். ஜெசிந்தா அக்கா என்னைப் பார்த்தாள்.

"எட்டாந்தேதி கெளம்பி பதிமூணாந்தேதி ராத்திரி வூட்ல இருக்கணும்" என்றார் பூபாலன். "ஒரு நாளுகூட முன்ன பின்ன ஆவக் கூடாது."

"சரி சார். போர்ட் பிளேர்ல மூணு நாள், ஹேவ்லாக் தீவுல ரெண்டு..."

"அங்கெல்லாம் போன் டவர் எடுக்குமா?"

"போர்ட் பிளேர்ல நல்லா எடுக்கும். மத்த தீவுங்கள்ல சில எடத்துல சரியா எடுக்காது."

இதைக் கேட்டால் எல்லாரும் முகம் சுளிப்பார்கள். இவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்க எடுக்காதோ அங்கயே நாலு நாள் போடுங்க."

"சார்?"

"அப்புறம், நடுவுல நெனச்சா டக்குனு கெளம்பி வந்துட முடியுமா?"

"கஷ்டம் சார். கப்பலும் கெடைக்கணும், ஃப்ளைட்டும் கெடைக்கணும்."

"சூப்பர்!"

அப்பா மட்டும் பிள்ளைகளைக் கூட்டிப் போவதாக இருந்தால், அம்மாவின் கையெழுத்தோடு ஒரு சம்மதக் கடிதம் வாங்குவது எங்கள் ஆபீஸ் வழக்கம். அக்கா அந்தத் தாளை நீட்டியபோதுதான் அவர் முதல் முறையாகத் தடுமாறினார்.

"இது இங்கியே இருக்கட்டும் மேடம். கடைசில பாத்துக்கலாம்."

அவர்கள் படி இறங்கியதும் அக்கா ஆரம்பித்தாள்.

"பாத்தியாடி? பொண்டாட்டிய வீட்ல போட்டுட்டு ஊர் சுத்தப் போறாரு. போன் எடுக்காத எடமா வேற வேணுமாம். இன்னா தில்லு!"

"பாவம்க்கா அந்தம்மா" என்றேன்.

"பாவம்னு சொல்லிட்டு சும்மா உக்காரக் கூடாது."

அவசரத் தொடர்புக்கு என்று படிவத்தில் அவர் எழுதியிருந்தது மனைவி சிநேகாவின் நம்பர். அக்கா அந்த நம்பருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு சிநேகா வந்துவிட்டாள். கையில் ஆதார் கார்டு.

"எனக்கும் ஒரு டிக்கெட் போடுங்க. என் புள்ளைங்க என்ன வுட்டுட்டு ஒரு ராத்திரிகூட இருக்காதுங்க."

"அப்படிச் சொல்லுங்க!" என்று அக்கா பேனாவைத் திறந்தாள்.

நாலாவது பெயரை எழுதுவதற்குள் அவளைத் தேடிக்கொண்டு பூபாலன் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"உனக்கு யாரு சொன்னது?"

அக்கா பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு சொன்னா இன்னா? என்ன வுட்டுட்டுப் போவ எப்படிய்யா மனசு வந்துச்சு?" என்றாள் சிநேகா.

அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேஜைமேல் விரித்தார்.

"பன்னெண்டாந்தேதி இன்னா நாளு?"

நான் எட்டிப் பார்த்தேன். அரசு வேலைக்கான குரூப் டூ தேர்வின் ஹால் டிக்கெட். சிநேகாவின் போட்டோ.

"இந்தத் தபா எழுதலன்னுட்ட. நான்தான் பிரவுசிங் சென்டர்ல எடுத்தாந்தேன்" என்றவர் அக்கா பக்கம் திரும்பினார். "மொத தபா பையனுக்கு ஜுரம் மேடம். இவ போவல. போன தபா செய்யூர்ல எங்கண்ணன் வூட்ல பசங்கள வுட்டேன். அரை மணிக்கொரு தபா போன் போட்டு அழுதுச்சுங்க. மூணாம் நாளு அவனே பைக்ல கொண்டாந்து வுட்டுட்டான். இவ புக்க மூடிட்டா. அதான், நடுவுல ஒரு கடல் இருந்தாத்தான் சரிப்படும்னு பாத்தேன். வருஷம் பூரா லீவு போடாம சேத்து வெச்சேன்."

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் சிநேகா.

"சொன்னா நீயும் கெளம்பிடுவ. இப்ப கெளம்பலியா?"

சிநேகா ஹால் டிக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கவினுக்கு இருமல் மருந்து..."

"வாங்கி வெச்சிட்டேன்."

"யாழினி தண்ணியக் கண்டா ஓடுவா..."

"கையப் புடிச்சிக்கினுதான் நிப்பேன்."

சிநேகா ஆதார் கார்டைப் பைக்குள் போட்டாள். ஜெசிந்தா அக்காவின் கையிலிருந்த பேனாவை வாங்கி, சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள்.